அந்த எட்டுக் கலை

எல்லாருக்கும் வணக்கம். பிரபஞ்சத்தைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். நான் ஒரு மிகச் சின்ன அளவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரு பாகையை 60 ஆகப் பகுத்தால் ஒரு கலை. பஞ்சாங்கம் கணிப்பவர்கள் இன்றும் புழங்கும் சொல். முழுநிலவின் குறுக்களவு ஏறக்குறைய 30 கலை. அதில் கால்வாசி, சுமார் 8 கலை. ஜெர்மன் வானியலாளர் யோஹான்னஸ் கெப்ளரைத் தூங்கவிடாமல் செய்தது அந்த 8 கலைதான்.

1577-ல் ஒரு பெரிய வால்மீன் வந்தது. தெற்கு ஜெர்மனியில், ஆறு வயது நிறையாத கெப்ளரை அவருடைய அம்மா கத்தரீனா மேடான இடத்துக்குக் கூட்டிப்போய் அதைக் காட்டினார். (பின்னாளில் அந்த அம்மாவைச் சூனியக்காரி என்று 14 மாதம் அடைத்துவைத்தார்கள். மகன்தான் வாதாடி மீட்டார்.) பெரியம்மை பையனின் பார்வையைக் கெடுத்திருந்தது. அதே வால்மீனை, டென்மார்க்கின் ஹ்வேன் தீவில் வானியலாளர் டைக்கோ பிராஹே இரவிரவாக அளந்துகொண்டிருந்தார்.

கெப்ளர் அழகுக்கு ஏங்கிய மனிதர். 1595-ல் கிராட்ஸ் நகரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒன்று பளிச்சென்று தோன்றியது. வடிவியலில், கனசதுரம் போல எல்லா முகங்களும் ஒரே மாதிரியான சீரான திண்மங்கள் ஐந்தே ஐந்துதான் உண்டு; அன்று தெரிந்த கோள்கள் ஆறு, இடைவெளிகள் ஐந்து. இறைவன் இந்த ஐந்தையும் வைத்துத்தான் அந்த இடைவெளிகளை அமைத்திருக்கிறான் என்று நம்பினார். அந்த நம்பிக்கையை அவர் கடைசிவரை விடவில்லை. அது தவறு என்று இன்று நமக்குத் தெரியும். ஆனால் அந்த ஏக்கம் இல்லாமல், துல்லியமான அளவுகளை வைத்திருந்த டைக்கோவை அவர் தேடிப் போயிருக்க மாட்டார்.

1600-ல் பிராக் அருகே இருவரும் சந்தித்தார்கள். கெப்ளருக்குக் கிடைத்த வேலை, செவ்வாயின் பாதையைக் கணக்கிடுவது. மறு ஆண்டே டைக்கோ இறந்துபோனார். அவருடைய குறிப்பேடுகளை வாரிசுகள் கவனிப்பதற்குள் தாம் எடுத்து வைத்துக்கொண்டதைக் கெப்ளரே பின்னர் கடிதத்தில் ஒப்புக்கொண்டார்.

அப்புறம் தொடங்கியது உழைப்பு. பாதை வட்டம் என்று வைத்துக்கொண்டு, கையால், எழுபது முறையாவது கணக்குப் போட்டதாக எழுதுகிறார். ஒருவழியாக செவ்வாயின் திசை 2 கலைக்குள் பொருந்தியது. மற்றவர்களாக இருந்தால் அங்கேயே பேனாவை வைத்திருப்பார்கள். அவர் இன்னும் சில நோக்கல்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். சூரியனிலிருந்து கோளின் தூரம் இடித்தது. தூரத்தைச் சரிசெய்தால், திசையில் 8 கலை பிசகியது.

எனக்குக் கெப்ளர் மீது மரியாதை பிறந்தது இந்த இடத்தில்தான். ஆய்வகத்தில் விடை ஒத்துவராவிட்டால் அளவைக் கொஞ்சம் தள்ளி எழுதுவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பண்டைய வானியலாளர் தாலமியின் நோக்கல்களில் 10 கலை வரை பிழை சகஜம். அதைச் சாக்காகச் சொல்லியிருக்கலாம். டைக்கோவோ தொலைநோக்கி வருவதற்கு முன்பே, வெறுங்கண்ணால், ஓரிரு கலை துல்லியத்தில் இருபது ஆண்டு அளந்தவர். அவர் 8 கலை தவறியிருக்க மாட்டார் என்று கெப்ளர் நம்பினார். எனவே தம் ஆண்டுக்கணக்கான உழைப்பைத் தூக்கிப் போட்டார். புறக்கணிக்க முடியாத இந்த 8 கலைதான் வானியல் முழுவதையும் சீர்திருத்த வழிகாட்டியது என்று அவரே எழுதியிருக்கிறார்.

இரண்டாயிரம் ஆண்டாக யாரும் கேள்வி கேட்காத வட்டம் போயிற்று. முட்டை வடிவத்தை முயன்றார், தோற்றார். கடைசியில் நீள்வட்டம் வந்தது. நசுங்கல் எவ்வளவு தெரியுமா? செவ்வாயின் பாதையை ஒரு மீட்டர் அகலத்துக்கு வரைந்தால், அதற்குக் குறுக்கான அகலம் 4 மில்லிமீட்டர் சொச்சம்தான் குறையும். கண்ணுக்கு அது வட்டமாகவே தெரியும். 1609-ல் இதை நூலாக வெளியிட்டார்.

டைக்கோ இறந்த இரவில், தாம் வாழ்ந்தது வீணாகப் போய்விடக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். அதைக் குறித்துவைத்ததும் கெப்ளர்தான். 1627-ல் கோள்களின் அட்டவணையை, தம் கைக்காசும் போட்டு அச்சிட்டபோது, முகப்பில் டைக்கோவின் பெயரை முதலில் போட்டார்.

அந்த அட்டவணையை வைத்து, 1631 நவம்பர் 7 அன்று புதன் சூரியனுக்கு முன்னால் கடந்துபோகும் என்று அறிவித்திருந்தார். 1630 நவம்பரில் அவர் இறந்துவிட்டார். குறித்த நாளில் பாரிஸில் வானியலாளர் பியேர் கசாண்டி சூரியனின் பிம்பத்தைத் தாளில் விழவைத்துக் காத்திருந்தார். சின்னக் கரும்புள்ளி ஒன்று தெரிந்தது. இவ்வளவு சிறியது கோளாக இருக்காது, சூரியப்புள்ளி போலிருக்கிறது என்று முதலில் நினைத்தார். அது நகர்ந்தது.