ஆழம் பார்த்துவிட்டுக் காலை விடுவோம்

(வாசகர் வட்டத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியது, எழுத்தில்)

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களே, மண்டபத்தை ஒரு ரூபாய் வாடகை வாங்காமல் திறந்துவிட்ட அரிசி ஆலை ஐயா அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவே வந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி அமர்ந்த புலவர் ஐயா அவர்களே, ஒரு வாரமாக ஓடியாடி இந்த விழாவை நிற்க வைத்த நூலகர் தம்பி அவர்களே, என் பழைய மாணவ மாணவியரே, பின்னால் இடமில்லாமல் நிற்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் என் அன்பான வணக்கம்.

தலைவர் ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். ஐயாவுக்கு வயது எழுபத்து மூன்று. இன்றைக்கும் சைக்கிளில்தான் நூலகத்துக்கு வருகிறார். மழை பெய்தால் குடை, வெயில் அடித்தால் தலையில் துண்டு. போன வருடம் கண் அறுவை முடிந்த பத்தாம் நாள் அவரைக் கூட்டத்தில் பார்த்தேன். "எங்கய்யா வந்தீங்க, ஓய்வெடுக்கக் கூடாதா?" என்று கேட்டால், "வர முடியுதான்னு பாத்தேம்மா" என்றார். இன்று எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'தன்னைத் தானே சோதித்துப் பார்ப்பது'. அதற்கு இந்த மேடையிலேயே ஆள் இருக்கிறார். ஐயாவுக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். இரண்டு விஷயங்கள் பேசலாம் என்று குறித்து வந்தேன். ஒரு மனிதர் தனக்குத் தானே ஏன் சவால் வைத்துக்கொள்ள வேண்டும், எந்தச் சவாலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

என் அம்மிச்சி, அம்மாவைப் பெற்ற பாட்டி, எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்வார். ஆழம் தெரியாமல் காலை விடாதே. கல்யாணப் பேச்சிலும் அதுதான், கடன் வாங்கும்போதும் அதுதான். இதைப் பயந்தாங்கொள்ளிப் பழமொழி என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. காலை விடாதே என்று அது சொல்லவில்லை. ஆழத்தைத் தெரிந்துகொண்டு விடு என்றுதான் சொல்கிறது. தெரிந்துகொள்ள வேண்டிய ஆழம் தண்ணீரில் மட்டும் இல்லை, நமக்குள்ளேயும் இருக்கிறது. நம்மால் எவ்வளவு முடியும் என்பது இறங்கிப் பார்க்காத வரை நமக்கே தெரியாது.

மிஹிர் சென் என்று ஒரு வங்காளி. வக்கீல் படிப்புக்கு லண்டன் போன இடத்தில், ஒரு அமெரிக்கப் பெண் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த செய்தியைப் பத்திரிகையில் படிக்கிறார். இந்தியர்கள் யாரும் அதுவரை கடந்ததில்லை. அவருக்கு அப்போது ஒழுங்காக நீந்தவே தெரியாது. குளத்தில் அடிப்படையிலிருந்து கற்றுக்கொண்டார். பல முறை முயன்று தோற்றார். 1958 செப்டம்பர் 27 அன்று 14 மணி 45 நிமிடத்தில் கடந்தார். அந்தக் கால்வாய் நேர்க்கோட்டில் 33, 34 கிலோமீட்டர்தான். ஆனால் ஓதம், அதாவது கடலின் ஏற்ற இறக்கம், ஆளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துப்போவதால் நீந்தும் தூரம் இன்னும் அதிகம். தண்ணீரோ மார்கழி விடியலில் தொட்டித் தண்ணீரில் கைவைத்தது போல இருக்கும். கூடவே படகு வரும், ஆனால் அதைத் தொடக்கூடாது. தொட்டால் அத்தோடு முடிந்தது. சாப்பாட்டைக்கூடக் கழியிலோ கயிற்றிலோ நீட்டுவார்கள், மிதந்துகொண்டே வாங்கிக் குடிக்க வேண்டும்.

அதோடு அவர் நிற்கவில்லை. 1966-ல் ஒரே வருடத்தில் பாக் நீரிணை, ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ் நீரிணைகள், பனாமா கால்வாய் என்று ஐந்து இடங்களை நீந்தினார். பாக் நீரிணை என்றால் இலங்கையின் தலைமன்னாருக்கும் நம் தனுஷ்கோடிக்கும் நடுவில் இருக்கும் கடல். அதற்கு மட்டும் 25 மணி நேரத்துக்கு மேல் ஆனது.

அந்த ஐந்து என்ற கணக்கை 1994-ல் முறியடித்தது யார்? நம் ஈரோட்டில் பிறந்த குற்றாலீஸ்வரன். ஒரே வருடத்தில் ஆறு இடங்கள். அப்போது அவருக்கு வயது பன்னிரண்டு. அர்ஜுனா விருதும் கிடைத்தது. அன்றைக்கு என் வகுப்பில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் நாற்பது பேர் இருந்தார்கள். செய்தித்தாளை விரித்துப் படித்துக் காட்டினேன். "உங்களில் யாருக்கு நீச்சல் தெரியும்?" என்று கேட்டேன். ஒன்பது கைகள் எழுந்தன. ஒன்பதும் பையன்கள். இருபத்திரண்டு பெண் பிள்ளைகளில் ஒரு கை எழவில்லை. அந்தக் காட்சி முப்பது வருடமாக என் கண்ணில் இருக்கிறது.

இன்னொருவரைச் சொல்லாமல் போனால் மனசு ஆறாது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைக்காரர், ஆழிக்குமரன் ஆனந்தன். அவருக்கு முன்பே, 1954-ல் நவரத்தினசாமி அந்தக் கரையிலிருந்து நம் கோடியக்கரைக்கு நீந்தி வந்து வழி காட்டியிருந்தார். ஆனந்தன் 1971-ல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு வந்து, அப்படியே திரும்பியும் நீந்தினார். மொத்தம் 51 மணி நேரம். இரண்டு பகல், இரண்டு இரவு. சொறி மீன் என்கிற ஜெல்லி மீன் பட்டால் உடம்பெல்லாம் எரியும் கடல் அது. நீச்சலோடும் அவர் விடவில்லை. ஒற்றைக்காலில் 33 மணி நேரம் நின்றார். 128 மணி நேரம் ட்விஸ்ட் நடனம் ஆடினார். தண்ணீரில் 80 மணி நேரம் மிதந்தார். ஒன்று முடிந்ததும் அடுத்தது. இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். ஒரு மனித உடம்பு எவ்வளவு தாங்கும் என்று தன் உடம்பிலேயே கணக்குப் போட்டுப் பார்த்தவர் அவர். 1984 ஆகஸ்ட் 6, ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் இறந்துபோனார். அந்தப் பெயரை எப்போது சொன்னாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இப்போது என் கதை.

ஐம்பத்தோராவது பிறந்தநாளில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் 'வருடத்துக்கு ஒன்று' என்று எழுதினேன். முதல் வருடம் பழனிக்குப் பாதயாத்திரை. இரண்டாம் வருடம் மலையாளம் எழுதப் படிக்கக் கற்றது. மூன்றாம் வருடத்துக்கு 'நீச்சல்' என்று எழுதிவிட்டு, அந்தப் பக்கத்தைத் திறக்காமல் நான்கு மாதம் வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தோட்டத்துக்குப் போனேன். "அண்ணா, நான் கிணத்துல இறங்கணும்" என்றேன். அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏங்கண்ணு, வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா?" என்றார். (கூட்டத்தில் சிரிப்பு.) விவரம் சொன்னேன். அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போய்த் தேங்காய் நார்க் கயிறு ஒன்றை எடுத்து வந்தார். நுனியில் தேங்காய் அளவு கல் கட்டினார். கிணற்று மேட்டில் உட்கார்ந்து மெதுவாகக் கயிற்றை விட்டார். கல் அடியில் தட்டியதும் கயிறு தொய்ந்தது. இழுத்து எடுத்து, நனைந்த இடம் வரைக்கும் கையால் அளந்தார். "மூணு ஆளு ஆழம். வடக்கு மூலையில படி பக்கத்துல மட்டும் ஒரு ஆளு. நீ அங்கதான் நிக்கோணும்" என்றார். அந்த ஈரக் கயிறு மண்ணில் கிடந்ததை இன்றைக்கும் பார்க்கிறேன். பாசி வாடை அடித்தது. கயிற்றின் அடி முனையில் கறுப்புச் சேறு ஒட்டியிருந்தது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று என் அம்மிச்சி வாயால் சொன்னதை அண்ணன் கயிற்றால் செய்து காட்டினார்.

சுரைக்குடுக்கை இரண்டு, முதுகில் சேர்த்துக் கட்டிக்கொண்டேன். இடுப்பில் கயிறு, அதன் மறுமுனை அண்ணன் கையில். சுடிதாரோடு இறங்கினேன். முதல் நாள் முழங்கால், இரண்டாம் நாள் இடுப்பு. மூன்றாம் நாள் கழுத்தளவு தண்ணீரில் படியை விட்டுக் கையை எடுக்க அரை மணி நேரம் ஆனது. கையை எடுத்ததும் குடுக்கை என்னைத் தூக்கியது. வானம் சதுரமாகத் தெரிந்தது, கிணற்று விளிம்பில் அண்ணன் தலை தெரிந்தது. "காலை உதறு, காலை உதறு" என்ற சத்தம் நாலு சுவரிலும் மோதித் திரும்பி வந்தது. எட்டாம் நாள் அண்ணன் மருமகள் வந்து எட்டிப் பார்த்தாள். இருபத்து மூன்று வயது, எம்.காம். படித்தவள். "அத்தை, நானும் இறங்கட்டுமா?" என்றாள். மறுநாள் பக்கத்துத் தோட்டத்து அக்கா. அதற்கடுத்த வாரம் அவருடைய இரண்டு பெண்கள். ஒரு மாதத்தில் அந்தக் கிணற்றில் காலை நேரம் பெண்கள் நேரம் என்று ஆகிவிட்டது. ஆண்கள் யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாது என்று அண்ணன் வரப்பில் கட்டில் போட்டுக் காவல் உட்கார்ந்தார். பத்தொன்பதாம் நாள் குடுக்கையை அவிழ்த்தேன். கிணற்றை ஒரு சுற்று. படியைப் பிடித்ததும் வாய்விட்டு அழுதேன், வெட்கமே இல்லாமல் அழுதேன்.

மறு வருடம் இருபது சுற்று. அதற்கடுத்த வருடம் மாவட்ட விளையாட்டரங்கக் குளத்தில் ஒரு கிலோமீட்டர். நோட்டில் எல்லாம் தேதியோடு இருக்கிறது.

ஆனால் நான் ஏன் நீச்சல் என்று எழுதினேன், ஏன் நான்கு மாதம் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை? அதையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்த ஒரு பெண் பிள்ளை. கணக்கில் புலி. ஆடிப் பதினெட்டுக்குக் குடும்பத்தோடு ஆற்றுக்குப் போனாள். மணல் அள்ளிய குழி. மேலே பார்த்தால் முழங்கால் அளவுதான் தெரியும், ஒரு எட்டு வைத்தால் இரண்டு ஆள் ஆழம். தங்கை வழுக்கி விழுந்தாள் என்று இவள் கை நீட்டினாள். தங்கையை எடுத்துவிட்டார்கள். இவளை எடுக்கவில்லை. கரையில் இருபது பெண்கள் இருந்தார்களாம், ஒருத்திக்கும் நீச்சல் தெரியாது. நானும் அங்கே இருந்திருந்தால் இருபத்தொன்றாவது ஆளாக நின்றுகொண்டுதான் இருந்திருப்பேன்.

உலகத்தில் வருடத்துக்குச் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கிச் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2021-ல் ஐக்கிய நாடுகள் சபை ஜூலை 25-ஐ இதற்கான விழிப்புணர்வு நாளாக அறிவித்தது. நம் ஊரில் அந்த நாள் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. நாமோ காவிரிக்கும் பவானிக்கும் நடுவில், வாய்க்காலும் கிணறுமாக வாழ்கிறவர்கள். நம் பாட்டன்மார் எட்டு வயதில் கிணற்றில் குதித்தவர்கள். இன்று போர்வெல் வந்தது, கிணறு குப்பைத்தொட்டி ஆனது. குளத்துப் படித்துறையில் சீமைக் கருவேலம் முளைத்திருக்கிறது. பிள்ளைகளிடம் 'தண்ணிப் பக்கம் போகாதே' என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம். போகாதே என்றால் பிள்ளை போகத்தான் செய்யும். ஆழத்தைச் சொல்லிக் கொடுக்காமல் காலை விடாதே என்றால் அது பாதிப் பழமொழி.

பேரூராட்சித் தலைவர் அம்மா இங்கே இருக்கிறார்கள். அம்மா, நான் கேட்பது பெரிய நீச்சல் குளம் இல்லை. நம் ஊர்க் குளத்தின் கிழக்குப் படித்துறையைச் சுத்தம் செய்து, பத்தடி நீளத்துக்கு இடுப்பளவு ஆழத்தில் கயிறு கட்டிக் கொடுங்கள். ஆழம் எங்கே எவ்வளவு என்று பலகை வையுங்கள். கரையில் ஒரு நீளக் கயிறும் நாலு லாரி டியூபும் எப்போதும் தொங்கட்டும். யாராவது மூழ்கினால் நீச்சல் தெரியாதவர் குதிக்கக் கூடாது, கயிற்றை எறிய வேண்டும், இல்லையென்றால் வேட்டியையோ சேலையையோ முறுக்கி வீச வேண்டும். இதைப் பலகையிலேயே எழுதி வையுங்கள். ஐந்தாம் வகுப்பை விட்டுப் போவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் கையை விட்டு மிதக்கத் தெரிந்திருக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம். சொல்லிக் கொடுக்க நான் வருகிறேன், அண்ணன் மருமகள் வருகிறாள், இன்னும் மூன்று பேர் தயார். சம்பளம் வேண்டாம். (கைதட்டல்.)

நேரம் ஆகிவிட்டது என்று நூலகர் தம்பி சீட்டு அனுப்பியிருக்கிறார். விண்ணப்பம் வாசல் மேசையில் இருக்கிறது. நீல மசிப் பேனாவும் கட்டி வைத்திருக்கிறேன். போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் படித்துறையில் கருவேலம் வெட்டுகிறோம். அரிவாள் இருப்பவர்கள் அரிவாளோடு வாருங்கள், மற்றவர்கள் பிள்ளைகளோடு வாருங்கள். அண்ணன் அந்தக் கல் கட்டிய கயிற்றைக் கொண்டு வருகிறார், குளத்தை அளக்க. வணக்கம்.