ஒரே வீட்டில் பிறந்து பாகம் பிரிந்த சொற்கள்

அவையோருக்கு வணக்கம்.

கல்லூரியில் சேர்ந்த புதிதில் முதல்வருக்கு ஆங்கிலத்தில் ஒரு விடுப்புக் கடிதம் எழுதினேன். 'பிரின்சிபல்' என்ற சொல் 'பி, ஏ, எல்' என்று முடிய வேண்டும். நான் 'பி, எல், இ' என்று முடித்துவிட்டேன். 'மதிப்பிற்குரிய கொள்கை அவர்களுக்கு' என்றாகிவிட்டது! சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். விடுப்பு கிடைத்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

அந்த இரண்டுக்கும் லத்தீனில் வேர் ஒன்றுதான், 'முதல்' என்று பொருள். கல்லூரிக்கு முதலில் நிற்பவர் முதல்வர். எல்லாவற்றுக்கும் முதலாக நிற்பது கொள்கை. கடனில் வட்டி போக மிஞ்சுகிற 'முதல்' இருக்கிறதே, அதற்கும் ஆங்கிலத்தில் 'ஏ' போட்ட 'பிரின்சிபல்'தான். முதல்வர், முதல் என்று தமிழும் அதே தடத்தில் போயிருப்பதைப் பாருங்கள்.

எழுத்து மாறினால் பொருள் மாறுவது நமக்குப் புதிதா? அரம் வேறு, அறம் வேறு. ஆனால் அவை பிறவியிலேயே வேறு வேறு. ஆங்கிலத்தில் நம்மைப் படுத்துகிற ஜோடிகள் பல, ஒரே வீட்டில் பிறந்து பிற்பாடு பாகம் பிரிந்தவை.

'ஸ்டேஷனரி'யை எடுத்துக்கொள்வோம். 'ஏ' போட்டால் அசையாமல் நிற்பது. 'இ' போட்டால் காகிதம், பேனா வகையறா. நிற்பதற்கும் பேனாவுக்கும் என்ன சம்பந்தம்? இடைக்கால ஐரோப்பாவில் வியாபாரிகள் பலர் சரக்கைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தார்கள். ஓரிடத்தில் நிலையாகக் கடை போட்டவர் 'ஸ்டேஷனர்'. பல்கலைக்கழகங்களின் அருகே அப்படி உட்கார்ந்தவர்கள் புத்தகமும் எழுதுபொருளும் விற்றவர்கள். லண்டனில் 1403-லேயே அவர்களுக்குச் சங்கம் இருந்தது. 1557-ல் அரச சாசனமும் கிடைத்தது. ஆக, பேனா விற்றவரும் அசையாமல் நின்றவர்தான். இந்தக் கதை தெரிந்த பிறகு எனக்கு அந்த 'ஏ'யும் 'இ'யும் குழம்பியதே இல்லை.

மாவும் பூவும்கூட அப்படித்தான். இரண்டையும் 'ஃபிளவர்' என்றே சொல்கிறோம். மாவில் மேலான பகுதியை 'மாவின் பூ' என்றார்கள், அவ்வளவுதான். 1755-ல் சாமுவேல் ஜான்சன் தம் அகராதியை வெளியிட்டபோதுகூட மாவுக்கென்று தனி எழுத்துக்கூட்டல் தரவில்லை.

எல்லாமே உடன்பிறப்பு என்று நினைத்துவிடாதீர்கள். 'டெசர்ட்' என்ற சொல்லில் ஒரு 'எஸ்' போட்டால் பாலைவனம், இரண்டு போட்டால் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற இனிப்பு. முன்னது கைவிடப்பட்ட இடம். பின்னது, மேசையைத் துடைத்து எடுத்த பிறகு வருவது என்ற பிரெஞ்சுச் சொல். உறவே கிடையாது.

'லூஸ்' விஷயத்தில் நம் எழுத்தே காலை வாரிவிடுகிறது. ஒரு 'ஓ' போட்டால் இழப்பது, இரண்டு போட்டால் தளர்வானது. கடைசி ஒலி இரண்டிலும் வேறு. நம் 'ஸ்' அந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. காது உதவாது, கண்தான் உதவ வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்த ஜோடி 'டிஸ்கிரீட்'. லத்தீனில் 'பிரிக்கப்பட்டது' என்று பொருள். தனித்தனியாகப் பிரிந்து கிடப்பது ஒன்று. நல்லது கெட்டதைப் பிரித்தறிந்து, வாயைக் கட்டி நடப்பவருடைய குணம் இன்னொன்று. நெடுங்காலம் இரண்டையும் கலந்தேதான் எழுதினார்கள். இப்போது எழுதிப் பாருங்கள்: அடக்கமான ஆளுக்கு இரண்டு 'இ'யும் ஒட்டி உட்கார்ந்திருக்கும். தனித்தனி என்ற பொருள் வரும்போது, அவற்றுக்கு நடுவே ஒரு 'டி' சுவர் மாதிரி நிற்கும்.