விளையாட்டு நின்ற இடத்தில் நாவல்

நடுவர் அவர்களுக்கும், இரு அணி நண்பர்களுக்கும், அவையோருக்கும் வணக்கம். வணக்கத்தைச் சுருக்கிக்கொண்டேன், மிச்சமாகும் நேரத்தை நடுவர் என் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள வேண்டும்.

'வீடியோ கேம்களிலிருந்து பிறக்கும் வரலாற்றுப் புனைவு நாவல்கள் வளர்ப்பது வாசிப்பையா, வியாபாரத்தையா?' என்பது தலைப்பு. வாசிப்பையே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் தம் பத்து நிமிடங்களில் ஒன்பதரை நிமிடம் என்ன பேசினார் என்பது அவையில் யாருக்கும் நினைவிருக்காது. கடைசி அரை நிமிடத்தில் அவர் சொன்ன ஒரு வரி மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கும். "விளையாட்டில் தோற்றவன் விடை பார்த்துக்கொள்ள வாங்கும் நோட்ஸ்தான் இந்த நாவல்கள்" என்றார். அரங்கம் அதிர்ந்தது, நடுவரும் சிரித்தார், நான் கவனித்தேன். நான் எழுதிக் கொண்டுவந்த தாள்களை மடித்து வைத்துவிட்டேன். இந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லாமல் இறங்கினால் என் அணியினர் என்னை வீட்டுக்கு அழைத்துச் செல்ல மாட்டார்கள்.

நோட்ஸ் என்றால் அதில் விடை இருக்க வேண்டும். 2009ஆம் ஆண்டு வெளியான 'அசாசின்ஸ் கிரீட் 2' என்ற விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியில் எட்சியோ என்ற இளைஞன் தன் தந்தையையும் இரு சகோதரர்களையும் தூக்கில் ஏற்றியவர்களைப் பழிவாங்கப் புறப்படும் கதை அது. அந்த விளையாட்டில் நகரங்களின் கூரைகளிலும் கோபுரங்களிலும் நூறு இறகுகள் ஒளிந்திருக்கின்றன. எந்தக் கூரையில் எந்த இறகு என்று தெரியாமல் இரவெல்லாம் கண்விழித்தவர்கள் இந்த அவையிலேயே இருப்பார்கள். அதே ஆண்டில் அதே கதை 'ரினைசான்ஸ்' என்ற பெயரில் நாவலாகவும் வந்தது. இறகு இருக்கும் இடம் தெரியும் என்று நம்பி எவரேனும் அந்த நாவலை வாங்கியிருந்தால், அவருக்காக நான் அனுதாபப்படுகிறேன். நோட்ஸ் என்று நினைத்து வாங்கியவர் தேர்வில் தோற்பது உறுதி.

அந்த இறகுகள் எதற்காக? தூக்கிலிடப்பட்டவர்களில் எட்சியோவின் கடைசித் தம்பியும் ஒருவன். நோயாளிச் சிறுவன், உயிரோடு இருந்தபோது இறகுகளைச் சேர்த்துக்கொண்டிருந்தவன். பிள்ளைகளையும் கணவனையும் ஒரே நாளில் பறிகொடுத்த தாய் பேச்சை இழந்து கிடக்கிறாள். அண்ணன் தேடிக் கொண்டுவரும் ஒவ்வோர் இறகும் அந்தத் தாயின் அறையில் இருக்கும் பெட்டிக்குள் போய்ச் சேருகிறது. ஆனால் திரையின் ஓரத்தில் எண் ஒன்று ஏறிக்கொண்டே இருக்கும்போது, விளையாடுபவரின் கவனம் எண்பத்தேழிலிருந்து எண்பத்தெட்டுக்குப் போவதில் இருக்குமே ஒழிய, தாயிடம் இருக்காது. நாவலின் பக்கத்தில் அப்படியொரு எண் ஓடுவதில்லை. நண்பர் கவனிக்கத் தவறிய வேறுபாடு இதுதான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். நடுவர் மணியைச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டுகிறேன். 1478 ஏப்ரல் 26, ஞாயிற்றுக்கிழமை. ஃபுளோரன்ஸ் நகரின் பேராலயம். நகரை ஆட்டுவிக்கும் மெடிச்சி குடும்பத்தின் சகோதரர்கள் லோரன்சோ, ஜூலியானோ இருவரையும் ஒரே வேளையில் கொல்ல பாட்சி குடும்பத்தார் திட்டமிட்டிருக்கிறார்கள். லோரன்சோவைக் கொல்லும் பொறுப்பு முதலில் மொண்டேசெக்கோ என்ற போர்வீரனுக்குத் தரப்பட்டிருந்தது. கொலை தேவாலயத்துக்குள் என்று தெரிந்ததும் அவன் பின்வாங்கிவிட்டான். கொலைக்குச் சம்மதித்தவன், கோயிலுக்குள் கொலை என்றவுடன் மறுத்துவிட்டான்! அந்த இடத்துக்கு யாரை அமர்த்தினார்கள் தெரியுமா? இரண்டு பாதிரியார்களை. தேவாலயம் அவர்களுக்குப் பழகிய இடமாம், கூச்சம் இருக்காதாம்.

வழிபாட்டுக்கு லோரன்சோ வந்துவிட்டார், ஜூலியானோவைக் காணவில்லை. உடல்நலம் சரியில்லை என்று வீட்டில் இருந்துவிட்டார். கொல்ல வேண்டியவர்களே அவரை அழைத்து வர வீட்டுக்குப் போகிறார்கள். ஃபிரான்செஸ்கோ பாட்சியும் பெர்னார்டோ பண்டினியும் வழியெல்லாம் வேடிக்கை பேசி, சிரிக்கவைத்து அவரை நடத்தி வருகிறார்கள். நடுவழியில் ஃபிரான்செஸ்கோ அவரை அன்பு மேலிட்டவன்போல் அணைத்துக்கொள்கிறான். அந்த அணைப்பு எதற்கு என்று அவையோர் யோசித்துப் பார்க்க வேண்டும். பிரியமா? பிரிவாற்றாமையா? மன்னிப்பா? சட்டைக்குள் கவசம் அணிந்திருக்கிறாரா என்று தடவிப் பார்ப்பதற்கு! கவசம் இல்லை என்று கை சொன்னது. சற்று நேரத்தில் ஜூலியானோ பத்தொன்பது குத்துகளோடு தரையில் கிடந்தார். குத்திய வெறியில் ஃபிரான்செஸ்கோ தன் தொடையையே குத்திக்கொண்டான். பாதிரியார்களோ, பழகிய இடம் என்று சொன்னார்களே ஒழியப் பழகிய தொழில் என்று சொல்லவில்லை. கழுத்தில் ஒரு காயத்தோடு லோரன்சோ வழிபாட்டுப் பொருள்கள் வைக்கும் அறைக்குள் ஓட, வெண்கலக் கதவுகள் சாத்தப்பட்டன.

அந்த அணைப்பை இன்னொரு முறை சொல்ல எனக்கு ஆசை. நடுவர் முறைப்பதால் தலைப்புக்குத் திரும்புகிறேன். விளையாட்டிலும் இந்தச் சதி வருகிறது. எட்சியோவாக நாம் வாள் வீசி லோரன்சோவைக் காப்பாற்றுகிறோம். விரல்கள் பொத்தான்களில் பரபரக்கும்போது, சுற்றிலும் என்ன நடக்கிறது என்று நின்று கேட்க முடியாது. கேட்டால் நம் ஆள் செத்துப்போவான். நாவலைப் படிப்பவர் எந்த வரியிலும் நிற்கலாம். நின்றவர், 'இது உண்மையில் நடந்ததா?' என்று கேட்பார். அந்தக் கேள்வியோடு நூலகத்துக்குப் போனவருக்குத்தான் அந்த அணைப்பு கிடைக்கும்.

வரலாற்றைத் திரித்துவிட்டார்கள் என்பது எதிரணியின் மற்றொரு புகார். திரித்திருக்கிறார்கள்தான். விளையாட்டில் பெர்னார்டோ பண்டினி எட்சியோவின் கத்திக்கு இரையாகிறான். உண்மையில் அவன் கான்ஸ்டாண்டினோபிள் வரை ஓடினான். சுல்தான் பிடித்துத் திருப்பி அனுப்ப, 1479 டிசம்பரில் ஃபுளோரன்சில் தூக்கிலிடப்பட்டான். தொங்கிய உடலை ஓர் இளம் ஓவியர் தாளில் வரைந்தார். கறுப்புச் சாட்டின் சட்டை, நரித்தோல் உள்வைத்துத் தைத்த நீல மேலங்கி என்று உடைகளின் நிறத்தையும் துணியையும் பக்கத்திலேயே குறித்துக்கொண்டார். அந்த ஓவியர் லியோனார்டோ டா வின்சி. விளையாட்டில் எட்சியோவுக்கு மறைகத்தி செய்து தரும் அதே சிரித்த முகத்து நண்பர். இந்த இரண்டு லியோனார்டோக்களையும் ஒரே மனிதனாக நினைத்துப் பார்க்கும் வாசகனை ஒரு புனைவு உருவாக்கிவிட்டது என்றால், அதன் திரிபை நான் பொறுத்துக்கொள்வேன்.

வியாபாரம் இல்லையா என்றால், உண்டு. விளையாட்டின் சூடு ஆறுவதற்குள் நாவலும் கடைக்கு வருவது தற்செயல் என்று நான் வாதாடப் போவதில்லை. அட்டையில் இருக்கும் ஆலிவர் பௌடன் என்பது புனைபெயர்தானே என்று நண்பர் ஏளனம் செய்தார். அந்தப் பெயரில் முதல் நாவல்களை எழுதியவர் ஆன்டன் கில். நாஜி வதைமுகாம்களிலிருந்து மீண்டவர்களோடு உரையாடி நூல் எழுதியவர். நோட்ஸ் போடுகிறவரின் கைக்கு அது சற்றுக் கனமான வேலை.

இரவல் கதை என்றும் சொன்னார்கள். 2007இல் வெளியான முதல் 'அசாசின்ஸ் கிரீட்' விளையாட்டுக்கே தூண்டுதல் ஒரு நாவல்தான். ஸ்லோவேனிய எழுத்தாளர் விளாடிமிர் பார்டோல் 1938இல் வெளியிட்ட 'அலமூத்' அது. நாவல் விளையாட்டாகி, விளையாட்டு மீண்டும் நாவலாகியிருக்கிறது. இதில் யார் யாரிடம் இரவல் வாங்கினார்கள்? மலைவாழ் குறவர் கண்டு சொன்னதையும் சாத்தனார் விளக்கியதையும் கேட்ட பிறகுதானே, "நாட்டுதும் யாம் ஓர் பாட்டுடைச் செய்யுள்" என்று இளங்கோவடிகள் எழுத முனைந்ததாகப் பதிகம் சொல்கிறது? அடிகளிடம் போய் இரவல் என்று சொல்லும் துணிச்சல் நண்பருக்கு உண்டா?

நேரம் நெருங்குகிறது. தர்க்கத்தை இத்தோடு நிறுத்திக்கொண்டு ஒரு தந்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2012இல் வந்த 'அசாசின்ஸ் கிரீட் 3' விளையாட்டில் முதலில் நாம் ஹேய்தம் கென்வே என்ற மனிதராக விளையாடுகிறோம். நல்லவர் என்று நம்பி அவரோடு கப்பலேறி அமெரிக்கா சேர்ந்த பிறகுதான் அவர் அசாசின்கள் என்ற நம் நாயகர் கூட்டத்துக்கு எதிர்க்கட்சி என்று தெரிகிறது. பின்னர் அவருக்குப் பழங்குடிப் பெண்ணிடம் பிறந்த மகன் கானராக மாறுகிறோம். கடைசியில் அந்த மகனின் கையால் தந்தையைக் கொல்கிறோம். பொத்தானை அழுத்தியது நம் விரல். அடுத்த பணி திரையில் வந்துவிடும். அழுவதற்கு அங்கே இடம் ஒதுக்கவில்லை.

அதே ஆண்டில் வந்த 'ஃபர்சேக்கன்' என்ற நாவலோ, அந்தத் தந்தையின் நாட்குறிப்பு. 1735இல் லண்டன் வீட்டில் சிறுவனாக இருந்தபோது தன் தந்தை கண்முன்னே கொல்லப்பட்டதிலிருந்து அது தொடங்குகிறது. விளையாட்டில் நாம் வெறுத்த அந்த இறுகிய முகத்துக்குப் பின்னால், தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை ஒருவன் இருந்தான் என்று பக்கம் பக்கமாகத் தெரியவருகிறது. முடிவில் அந்த நாட்குறிப்பு யார் கைக்குப் போய்ச் சேர்கிறது? கொன்ற மகனின் கைக்கு. உயிரோடு இருந்தவரை பேசிக்கொள்ள முடியாத தகப்பனை, இறந்த பின் எழுத்தில் படிக்கிறான் மகன்.

பெற்றவரிடம் பேசாமல் விட்ட ஒரு பேச்சாவது நெஞ்சில் கிடக்கும் பிள்ளைகள் இந்த அவையில் எத்தனை பேர் என்று நான் கேட்கப் போவதில்லை. நடுவர் அவர்களும் ஒரு தந்தைக்குப் பிள்ளை. ஒரு பிள்ளைக்குத் தந்தை. அந்த மகன் கையில் இருப்பது நோட்ஸா என்பதை மட்டும் அவரே தீர்மானிக்கட்டும். நன்றி, வணக்கம்.