போகும்போது ஒரு கணக்கு, வரும்போது ஒரு கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். மீனம்பாக்கத்தில் பிள்ளைகளை வழியனுப்பிவிட்டு வீடு திரும்பியதும், "இந்நேரம் எங்கே பறந்துகொண்டிருப்பார்கள்?" என்று கேட்காத வீடு சென்னையில் குறைவுதான். உடனே ஒருவர் கணக்குப் போடுவார். லண்டன் சுமார் 8,200 கிலோமீட்டர், விமானம் மணிக்கு 900 போகும், அப்படியானால் ஒன்பது மணி நேரம். ஆனால் டிக்கெட்டைப் பாருங்கள்: போகும்போது பதினொரு மணி நேரத்தை ஒட்டி இருக்கும், வரும்போது அதைவிடக் குறைவாக இருக்கும். அதே தூரம்தானே?

என் நண்பர் ஒருவருக்கு இதில் ஒரு வாதம் உண்டு. பூமி கிழக்கு நோக்கிச் சுற்றுகிறது, ஆகவே விமானம் ஏறி நின்றாலே போதும், லண்டன் தானாக நம்மிடம் வந்துவிடும் என்பார். அப்படியானால் மேற்கே போவதுதானே சீக்கிரம் முடிய வேண்டும்! நடப்பது நேர்மாறாக அல்லவா இருக்கிறது? ஓடும் தாம்பரம் மின்சார ரயிலுக்குள்ளே, நின்ற இடத்திலேயே குதித்துப் பாருங்கள், அதே இடத்தில்தான் விழுவீர்கள். காற்றும் பூமியோடு சேர்ந்தேதான் சுற்றுகிறது.

வித்தியாசம் உண்டாக்குவது மேலே வீசும் காற்று. ஏறக்குறைய பத்து கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஆறு மாதிரி ஓடுகிறது. குளிர்காலத்தில் இன்னும் மூர்க்கமாக இருக்கும். எதிர்க்காற்று மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் 900 என்பது 800 ஆகிவிடும், பின்காற்று என்றால் 1,000. முன்சீட்டுத் திரையில் தரைவேகம் என்று வருமே, அது இந்தக் கழித்தல் கூட்டல் முடிந்த பிறகு வரும் எண்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 2016 அக்டோபரில் நடந்தது. ஏர் இந்தியாவின் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானம் அதுவரை அட்லாண்டிக் வழியாகப் போய்க்கொண்டிருந்தது, சுமார் 13,900 கிலோமீட்டர். ஒரு நாள் திசையையே மாற்றி, பசிபிக் பக்கமாகக் கிழக்கே கிளம்பினார்கள். தூரம் 15,300 கிலோமீட்டர் ஆகிவிட்டது. ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் அதிகம்! ஆனால் பதினான்கரை மணி நேரத்தில் போய் இறங்கிவிட்டது, பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னதாகவே. சுற்றிப் போனவன் முந்திக்கொண்டான், பின்காற்றின் தயவு. இதை நான் யாரிடம் சொன்னாலும், "திரும்ப ஒரு தடவை சொல்லுங்க" என்பார்கள். சொல்கிறேன்: தூரம் கூடியது, நேரம் குறைந்தது.

அப்புறம், எல்லா நாட்டு வானத்திலும் எப்போதும் பறக்க முடியாது. ஒரு நாடு வான்வழியை மூடினால் சுற்றிப் போக வேண்டியதுதான். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் டிக்கெட் நேரத்தில் சேர்த்தி.

கடிகார வித்தியாசம் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச நினைத்தேன், அறிவிப்பாளர் கையைக் காட்டுகிறார். சரி, சுருக்கமாக: டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். லண்டன் நேரத்தோடு ஐந்தரை மணி கூட்டினால் நம்முடைய நேரம், மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி. நன்றி, வணக்கம்.