செனட் தொகுதி 32: நம் அம்மா அப்பாவின் ஓட்டு

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் தமிழ்ச் சங்கத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் நேரம் ஒதுக்கி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கவுண்டி மேற்பார்வையாளர் அவர்களே, அவர் பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் பேசுவதையெல்லாம் ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கும் தம்பி அவர்களே, ஞாயிறு தவறாமல் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியைகளே, விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நிற்கும் சமையல் குழுவினரே, இவர்கள் எல்லோருக்கும் மேலாக, ஊரை விட்டு வந்து இந்த நாட்டின் குடிமக்களாகிவிட்ட பெரியவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மூன்று விஷயங்களைப் பேசலாம் என்று வந்தேன். வர்ஜீனியா மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான செனட்டுக்குத் தொகுதிகளை எப்படிப் பிரிக்கிறார்கள், செனட்டரால் நமக்கு என்ன ஆகிறது, நம் வீடுகளில் யாருடைய ஓட்டு விழாமல் போகிறது. எங்கள் பாட்டி அடிக்கடி சொல்வார், "அழுத பிள்ளைக்குத்தான் பால்" என்று. இன்றைக்கு என் பேச்சு முழுக்க அந்த ஒரு வரியைச் சுற்றித்தான்.

வர்ஜீனியா செனட்டில் 40 இடங்கள். 2020 கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகை 86 லட்சத்துக்குச் சற்று மேல். ஆக, ஒரு தொகுதிக்குச் சுமார் 2,15,000 பேர். எல்லாத் தொகுதியிலும் ஏறக்குறைய ஒரே அளவு மக்கள் என்பது தானாக வந்துவிடவில்லை. 1964க்கு முன்னால் பக்கத்து ஃபேர்ஃபாக்ஸ் போல வேகமாக வளர்ந்த கவுண்டிகளுக்கு, அதாவது மாவட்டங்களுக்கு, அவற்றின் மக்கள்தொகைக்கு ஏற்ற இடம் கிடைக்கவில்லை. ஆர்லிங்டன், ஃபேர்ஃபாக்ஸ் வாக்காளர்கள் வழக்குப் போட்டார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மாநிலத் தேர்தலில் ஓட்டுப் போட ஒன்றரை டாலர் வரி கட்ட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. ஃபேர்ஃபாக்ஸைச் சேர்ந்த ஆனி ஹார்ப்பர் என்ற கறுப்பினப் பெண்மணி வழக்காடியதால்தான் 1966இல் அது ஒழிந்தது. கேட்டவர்களுக்குக் கிடைத்தது. அழுத பிள்ளைக்குத்தான் பால்.

இப்போதுள்ள எல்லைகள் 2021 டிசம்பரில் வந்தவை. எல்லை வகுக்க அமைத்த 16 பேர் கொண்ட ஆணையத்தில் கட்சிக்காரர்கள் ஒத்துப்போகவில்லை. கடைசியில் மாநில உச்ச நீதிமன்றமே இரண்டு வல்லுநர்களை வைத்து வரைபடத்தை முடித்தது. அப்படி வந்ததுதான் ஆஷ்பர்ன், ஸ்டெர்லிங் பக்கமெல்லாம் அடங்கிய நம் 32ஆம் தொகுதி. 2023இல் இங்கே சுஹாஸ் சுப்பிரமணியம் வென்றார். அடுத்த ஆண்டே அவர் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வானதால் 2025 ஜனவரி 7ஆம் தேதி இடைத்தேர்தல். முதல் நாள் கொட்டிய பனி சாலையோரம் குவிந்து கிடந்தது. அந்தக் குளிரில் நடந்த தேர்தலில் வென்றவர், இந்தியாவிலிருந்து குடியேறி வந்த கண்ணன் ஸ்ரீநிவாசன்.

செனட்டர் என்ன செய்வார் என்று கேட்கிறீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்த மாநிலத்தில் நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பது சட்டமன்றம்தான். அதற்கு மேல் விரிக்க நேரமில்லை, ஏனென்றால் உங்களுக்கு ஒரு கிண்ணத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

2017 நவம்பர். நியூபோர்ட் நியூஸ் நகரம். செனட் அல்ல, கீழவைக்கான 94ஆம் தொகுதி. டேவிட் யான்சி ஒரு பக்கம், ஷெல்லி சைமண்ட்ஸ் ஒரு பக்கம். முதல் எண்ணிக்கையில் யான்சி பத்து ஓட்டில் முன்னால் இருந்தார். சைமண்ட்ஸ் மறுஎண்ணிக்கை கேட்டார். எண்ணினார்கள். அவருக்கு 11,608, யான்சிக்கு 11,607. ஒரே ஒரு ஓட்டில் சைமண்ட்ஸ் ஜெயித்தார்! அவர் வீட்டில் எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள். விடிந்தால் மூன்று நீதிபதிகள் முன்னால் ஒரு வாக்குச்சீட்டு வருகிறது. அதில் இரண்டு பெயருக்கும் வட்டம் நிரப்பியிருக்கிறது; சைமண்ட்ஸ் வட்டத்தின் குறுக்கே ஒரு சின்னக் கோடு. அந்த ஓட்டு யான்சிக்கே என்றார்கள் நீதிபதிகள். இப்போது 11,608க்கு 11,608. சட்டப்படி குலுக்கல்தான் வழி. 2018 ஜனவரி 4, ரிச்மண்ட். இரண்டு பெயர்களைத் துண்டுச் சீட்டில் அச்சடித்து, பழைய கேமரா ஃபிலிம் டப்பாக்களில் போட்டு, ஒரு பீங்கான் கிண்ணத்தில் வைத்துக் கலக்கி, ஒன்றை எடுத்தார்கள். யான்சி! நூறு பேர் கொண்ட அவையில் யான்சியின் கட்சிக்குப் பெரும்பான்மையா, இல்லை இரு கட்சிக்கும் சரிபாதியா என்பதையே அந்த டப்பா தீர்மானித்தது. அந்தத் தொகுதியில் இன்னும் ஒரே ஒரு தாத்தா போய் ஓட்டுப் போட்டிருந்தால் கிண்ணமே தேவைப்பட்டிருக்காது.

இப்போது என் மனதில் இருப்பதற்கு வருகிறேன். அந்தத் தாத்தா நம் வீட்டில் இருக்கிறார்.

பச்சை அட்டையோடு 20 ஆண்டு இங்கே வாழ்ந்த, 50 வயது தாண்டியவர்களும், 15 ஆண்டு வாழ்ந்த, 55 தாண்டியவர்களும் ஆங்கிலத் தேர்வு இல்லாமலேயே குடியுரிமை பெறலாம். நம் அப்பா அம்மா பலர் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு தமிழிலேயே பதில் சொல்லித்தான் குடிமக்கள் ஆனார்கள். ஆனால் வாக்குச்சீட்டு ஆங்கிலத்தில் இருக்கிறது. ஃபேர்ஃபாக்ஸில் ஸ்பானிஷ், வியட்நாமிய மொழிகளில் கிடைக்கிறது. கூட்டாட்சிச் சட்டம் அதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது: ஆங்கிலம் போதாத, ஓட்டுரிமையுள்ள ஒரே மொழிக்காரர்கள் 10,000 பேருக்கு மேல், அல்லது 5 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். தமிழ் இங்கே அந்த வரம்பைத் தொடவில்லை.

அதனால் வழியே இல்லையா? இருக்கிறது. வாக்குரிமைச் சட்டத்தின் 208ஆம் பிரிவு. 1982இல் சேர்த்தது, நாடு முழுக்கச் செல்லும், எந்த வரம்பும் கிடையாது. சீட்டைப் படிக்க முடியாதவர் தனக்குப் பிடித்த ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம். முதலாளியும் அவருடைய ஆளும் கூடாது, தொழிற்சங்கத்தின் பொறுப்பாளரோ ஆளோ கூடாது. மகள் போகலாம், மருமகன் போகலாம், பக்கத்து வீட்டுக்காரர் போகலாம்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, எழுபது வயதைத் தாண்டியவர். மகளோடு வாக்குச்சாவடிக்குப் போனார். மேசையில் இருந்தவர், "நீங்கள் வெளியே நில்லுங்கள்" என்று மகளிடம் சொல்லிவிட்டார். அம்மா தனியாக உள்ளே போய், கறுப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நீளமான தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். முதல் பெயர் மட்டும் புரிந்தது, அதை நிரப்பினார். பின்பக்கம் இருப்பதே தெரியாது. "எல்லாரும் பாத்துட்டு நின்னாங்க, வெட்கமா போச்சு"ன்னு என்னிடம் சொன்னார். அன்றைக்கு அந்த மகள் "சட்டம் அனுமதிக்கிறது, உதவி கேட்கும் படிவம் கொடுங்கள்" என்று கேட்டிருந்தால் போதும். அம்மாவும் மகளும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா சொல்கிறபடிதான் மகள் குறிக்க வேண்டும், யாருக்கு என்று வெளியே மூச்சு விடக்கூடாது. அவ்வளவுதான். கேட்காமல் யாரும் கொண்டுவந்து நீட்ட மாட்டார்கள். பாட்டி சொன்னது அதுதான், அழுத பிள்ளைக்குத்தான் பால்.

65 வயதானவர்கள் காரை விட்டு இறங்கவே வேண்டாம். சீட்டு கார் பக்கம் வரும். முன்கூட்டியே நேரில் ஓட்டுப் போடுவது தேர்தலுக்கு 45 நாள் முன்பே தொடங்கிவிடும், காரணம் சொல்லத் தேவையில்லை. நம் செனட் தொகுதிக்கு அடுத்த பொதுத்தேர்தல் 2027 நவம்பரில். அதற்கு முன்னும் ஒவ்வொரு நவம்பரிலும் இங்கே ஏதாவது ஒரு தேர்தல் இருக்கும்.

வெளியே வாசல் பக்கம் ஒரு மேசை போட்டிருக்கிறோம். மாதிரி வாக்குச்சீட்டும் உதவி கேட்கும் படிவமும் அங்கே இருக்கின்றன. தமிழ்ப் பள்ளியின் பெரிய பிள்ளைகள் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக் காட்டுவார்கள். சரி, எல்லோரும் பெரியவர்களைக் கைபிடித்து முதலில் அங்கே அழைத்துப் போங்கள். அப்புறம் பந்தியில் உட்காரலாம். வணக்கம்.