இடக்கால்காரரின் வலக்கால் உதை: ஜானி வில்கின்சன்

[திரையில்: சிட்னி அரங்கம், 2003 நவம்பர் 22. இரவு, தூறல்.]

ரக்பி உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். இங்கிலாந்து 17, ஆஸ்திரேலியா 17. கூடுதல் நேரத்திலும் ஒரு நிமிடம் போலத்தான் மிச்சம். பந்து இங்கிலாந்தின் கையில். மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும், அது யாரிடம் போகப்போகிறது என்று. பத்தாம் எண் சட்டை, 24 வயது, ஜானி வில்கின்சன்.

[வரைபடம்: டிராப் கோல்]

ரக்பியில் பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் தரலாம். ஆனால் காலால் முன்னே உதைக்கலாம். டிராப் கோல் என்பது, பந்தைக் கையிலிருந்து விட்டு, அது தரையில் பட்டு எழும் கணத்தில் உதைத்து, இரு கம்பங்களுக்கு நடுவே குறுக்குக் கட்டைக்கு மேலாக அனுப்புவது. மூன்று புள்ளி. பந்து முட்டை வடிவம். முனை சற்றுச் சாய்ந்து விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது. எதிரணியினரோ பாய்ந்து வந்துகொண்டிருப்பார்கள்.

[திரையில்: கடைசி நகர்வு, மெதுவாக]

லைன் அவுட்டில், அதாவது பக்கக் கோட்டைத் தாண்டிய பந்தை மீண்டும் உள்ளே எறியும்போது, இங்கிலாந்தின் லூயிஸ் மூடி அதைப் பிடிக்கிறார். மாட் டாசன் இடைவெளி கண்டு ஓடி, எதிரணியின் பகுதிக்குள் விழுகிறார். சிக்கல் அங்கேதான். வில்கின்சனுக்குப் பந்தைச் சரியாகக் கொடுக்க வேண்டிய டாசன் ஆட்டக்காரர்களின் குவியலுக்கு அடியில் கிடக்கிறார். அதனால் தலைவர் மார்ட்டின் ஜான்சன் பந்தை வாங்கி, வேண்டுமென்றே ஒருமுறை மோதி விழுகிறார். டாசன் எழுந்து தன் இடத்துக்கு வரச் சில விநாடிகள் கிடைக்கின்றன. பாராட்டெல்லாம் உதைத்தவருக்கே போனது. என்னைக் கேட்டால் பாதியை ஜான்சனுக்குக் கொடுப்பேன்.

பந்து வருகிறது. வில்கின்சன் இடக்கால்காரர். உதைத்தது வலக்காலால். இடக்கை பேட்ஸ்மேன் கடைசிப் பந்தை வலக்கையாளராக நின்று சிக்சருக்குத் தூக்கியது போல. 20–17. அதே ஆட்டத்தில் அவருடைய டிராப் கோல் முயற்சிகள் அதுவரை பலிக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

[திரையில்: நியூகாசில், பயிற்சி மைதானம்]

அந்த வலக்கால் தானாக வந்ததல்ல. 1998இல், 19 வயதில், இங்கிலாந்துக்காக முதன்முறை தொடக்க வீரராக இறங்கிய ஆட்டத்தில் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவிடம் 76–0 என்று தோற்றார்கள். நியூகாசில் ஃபால்கன்ஸ் அணியில் இருந்த காலம் முழுவதும் மணிக்கணக்காக உதைத்துப் பழகினார். கிறிஸ்துமஸ் அன்றுகூட மைதானத்தில் இருப்பார். பயிற்சியாளர் டேவ் ஆல்ரெட் ஓர் உத்தி சொல்லிக்கொடுத்தார். கம்பங்களுக்குப் பின்னால், பார்வையாளர் வரிசையில் டோரிஸ் என்றொரு பெண் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். குறி கம்பங்கள் அல்ல, அவர்தான். இலக்கு சிறியதாகச் சிறியதாகப் பிழையும் சுருங்கும்.

ஆனால் இந்த விடாப்பிடி காலோடு நிற்கவில்லை. பத்தாம் எண் ஆட்டக்காரர்கள் பொதுவாக மோதலைத் தவிர்ப்பார்கள். வில்கின்சன் தன்னைவிடப் பெரிய ஆட்களைத் தேடிப்போய் வீழ்த்தினார். விலையும் கொடுத்தார்: கழுத்தில் அறுவை சிகிச்சை, தோள், புயம், முழங்கால், கடைசியில் சிறுநீரகத்திலும் காயம். உலகக் கோப்பைக்குப் பிறகு இங்கிலாந்து சட்டையை மறுபடி அணிய 1,169 நாட்கள் ஆயின. தோல்வி பயமும் மன அழுத்தமும் தன்னை வாட்டியதைப் பின்னாளில் அவரே வெளிப்படையாகப் பேசினார். உலகக் கோப்பையே கையில் இருந்தும் மனம் ஆறவில்லை.

[திரையில்: கல்கத்தா கோப்பை, அருகிலிருந்து]

திரும்பி வந்த நாள் 2007 பிப்ரவரி 3, ஸ்காட்லாந்துக்கு எதிராக, கல்கத்தா கோப்பைக்காக. ஆம், நம் கல்கத்தாதான். அங்கே ரக்பி ஆடிய கிளப் 1878இல் கலைந்தபோது, வங்கியில் இருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்த கோப்பை இது. கைப்பிடிகள் மூன்றும் நாகங்கள், மூடியில் யானை. அன்று வில்கின்சன் தனியாக 27 புள்ளி எடுத்தார். அதில் ஒரு டிரையின்போது (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) அவர் கால் எல்லைக் கோட்டுக்கு வெளியே பட்டது படத்தில் தெரிகிறது. ஸ்காட்லாந்துக்காரர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.

அதே ஆண்டு உலகக் கோப்பை இறுதியில் தென்னாப்பிரிக்காவிடம் 15–6 என்று தோல்வி. அந்த ஆறும் அவர் உதைத்தவை. 2011இல் சர்வதேச ஆட்டத்திலிருந்து விலகினார்: இங்கிலாந்துக்காக 91 ஆட்டங்கள், 1,179 புள்ளிகள். மொத்தப் புள்ளிகளில் நியூசிலாந்தின் டேன் கார்ட்டர் அவரைத் தாண்டிவிட்டார்.

[திரையில்: தூலோன் துறைமுகம்]

2009இலேயே பிரான்சின் தூலோன் அணிக்குப் போயிருந்தார். பலரும் அவர் முடிந்துவிட்டார் என்று நினைத்தார்கள். அங்கே 2013, 2014 இரண்டு ஆண்டும் ஐரோப்பியக் கோப்பை. இரண்டாவதை வென்ற ஒரு வாரத்தில், 2014 மே 31 அன்று, பிரெஞ்சு லீக் இறுதி ஆட்டத்தில் காஸ்த்ர் அணியை 18–10 என்று வீழ்த்தினார்கள். 35 வயதில் அவருடைய கடைசி ஆட்டம் அது. 18 புள்ளிகளில் 15 அவருடையவை.