பன்றித் திசு வால்வு வைக்கலாமா? ஒரு மகனின் சந்தேகத்துக்கு விளக்கம்

ஒரு சகோதரர் கேள்வி அனுப்பியிருக்கிறார், அப்படியே படித்துவிடுகிறேன். "என் தந்தைக்கு 68 வயது. இதயத்தில் அயோர்ட்டிக் வால்வு சுருங்கிவிட்டது, மாற்றியே ஆகவேண்டும் என்கிறார்கள். திசு வால்வு வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அது பன்றியிலிருந்து எடுத்தது என்று பிறகுதான் தெரிந்தது. நாங்கள் முஸ்லிம்கள். வைக்கலாமா? இப்போது ஜீனை மாற்றிய பன்றியின் இதயத்தையே மனிதனுக்கு வைக்கிறார்களாமே, அது கூடுமா?"

சரி. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் ஃபத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, கொடுக்கிற ஆள் இல்லை. நூல்களில் என்ன இருக்கிறது, ஆபரேஷன் தியேட்டரில் என்ன நடக்கிறது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன், அப்புறம் என் அபிப்பிராயத்தையும் சொல்கிறேன்.

குர்ஆன் 2:173ஐ எடுத்துப் பாருங்கள். செத்த பிராணி, இரத்தம், பன்றி இறைச்சி, அல்லாஹ் அல்லாதவர் பெயரில் அறுக்கப்பட்டது, இவை தடை. அதே வசனம், மூச்சு விடாமல், நிர்ப்பந்தத்துக்கு ஆளானவர் விரும்பிச் செய்யாமலும் வரம்பு மீறாமலும் இருந்தால் அவர் மீது குற்றமில்லை என்கிறது. விதியும் விலக்கும் ஒரே வசனத்தில். பாதியை மட்டும் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் மீதியையும் ஓதிக் காட்டவேண்டும், அவ்வளவுதான். அங்கே பேச்சு சாப்பிடுவதைப் பற்றி, நெஞ்சுக்குள் வைத்துத் தைப்பதைப் பற்றி இல்லையே என்று கேட்பீர்கள். நியாயம்தான், ஆனால் பன்றி முழுவதுமே அசுத்தம் என்பது பெரும்பாலான சட்ட அறிஞர்களின் நிலை, அதனால் 'சாப்பிடவில்லையே' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. யூத மதத்தில் இது இன்னும் சுலபம். அங்கே தடை சாப்பிடுவதற்குத்தான், வேறு வகையில் பயன்படுத்துவதற்கு இல்லை, அதற்கு மேல் உயிரைக் காப்பது கிட்டத்தட்ட எல்லாக் கட்டளைகளையும் தாண்டி நிற்கும்.

எனக்கு இந்த விஷயத்தில் ரொம்பப் பிடித்த ஆதாரம் ஒரு மூக்கு. அர்ஃபஜா என்று ஒரு நபித்தோழர், குலாப் என்ற இடத்தில் நடந்த போரில் மூக்கு அறுபட்டுவிட்டது. வெள்ளியில் ஒரு மூக்கு செய்து வைத்துக்கொண்டார். அது நாறத் தொடங்கியது. தங்கத்தில் செய்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள் நபியவர்கள். ஆண்களுக்குத் தங்கம் தடை என்பது எல்லோருக்கும் தெரியும். அபூதாவூத், திர்மிதி என்ற நபிமொழித் தொகுப்புகள் இரண்டிலும் இது இருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் வெள்ளி, அது ஒத்துவரவில்லை, அப்புறம்தான் தங்கம். எடுத்த எடுப்பிலேயே தங்கத்துக்குப் போகவில்லை. தடுக்கப்பட்டதைக் கொண்டு மருத்துவம் செய்யாதீர்கள் என்று ஒரு ஹதீஸ் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். மாற்று வழி இருக்கும்போதுதான் அது என்று பல அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள், மூக்குச் செய்தியோடு வைத்துப் பார்த்தால் அது பொருந்தித்தான் வருகிறது.

ஆகவே உங்கள் கேள்வி 'பன்றி கூடுமா' என்பதிலிருந்து 'வெள்ளி மூக்கு இருக்கிறதா' என்று மாறிவிடுகிறது. இருக்கிறது. திசு வால்வு எல்லாமே பன்றி இல்லை. மாட்டின் இதயத்தைச் சுற்றி ஒரு உறை இருக்கும், அதை வெட்டித் தைத்துச் செய்யும் வால்வு நிறையவே புழக்கத்தில் இருக்கிறது. உங்களுக்கு அது நிம்மதி, ஆனால் அதே வார்டில் அடுத்த கட்டிலில் படுத்திருக்கும் இந்துவுக்கு மாடுதான் பிரச்சினையாக இருக்கலாம், ஜைனருக்கு இரண்டுமே. தொடை வழியாகக் குழாய் விட்டு வைக்கிற வால்வு இருக்கிறதே, அதுவும் மாடு அல்லது பன்றித் திசுதான். விலங்கே வேண்டாம் என்றால் மெக்கானிக்கல் வால்வு, கார்பனில் செய்தது, நீண்ட காலம் உழைக்கும். ஆனால் இரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுக்க வார்ஃபரின் மாத்திரை, அடிக்கடி இரத்தப் பரிசோதனை, ராத்திரி அமைதியில் நெஞ்சுக்குள்ளிருந்து டிக் டிக் என்று சத்தம்கூடக் கேட்கும். 65 தாண்டியவர்களுக்குப் பொதுவாகத் திசு வால்வைச் சொல்வது இதனால்தான், விழுந்து அடிபட்டால் இரத்தக்கசிவு ஆபத்து. திசு வால்வு 10, 15 வருஷத்தில் தேயும் என்றாலும் அந்த வயதில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறார்கள்.

இன்னொரு விஷயம், இதைக் கேட்டால் பலருக்குத் தூக்கிவாரிப் போடும். பன்றி வால்வு வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தியேட்டருக்குள் போகிறவருக்கு, இதயத்தை நிறுத்தி இரத்தத்தை மெஷின் வழியாகச் சுற்றவிடுவதற்கு முன்னால் ஹெப்பாரின் போடுவார்கள். இரத்தம் குழாயில் உறையாமல் இருக்க அது வேண்டும். இன்று பெரும்பாலான ஹெப்பாரின் பன்றியின் குடலின் உட்சவ்விலிருந்து எடுப்பது. ஆபரேஷன் முடிந்ததும் அதை முறிக்கக் கொடுக்கிற புரோட்டமின் சால்மன் மீனிலிருந்து வந்தது, அது வேறு கதை. ஹெப்பாரினுக்குப் பதிலாகப் போட வேறு மருந்து உண்டு, ஆனால் அந்த மருந்தை முறிக்க நேரடியான மருந்து கிடையாது, ஹெப்பாரின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத்தான் பொதுவாக அதைப் போடுவார்கள். இங்கே நிர்ப்பந்தம் என்ற சொல்லுக்கு முழு எடை இருக்கிறது. வால்வில் அந்த அளவுக்கு இல்லை, ஏனென்றால் அங்கே தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது.

வால்வை ரசாயனத்தில் ஊறவைக்கிறார்கள், பொருளே மாறிவிட்டது, மது வினிகரான மாதிரி, அதனால் ஆகுமானது என்றும் ஒரு வாதம் உண்டு. 1995இல் குவைத்தில் நடந்த மருத்துவக் கருத்தரங்கில் பன்றியின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் விஷயத்தில் அறிஞர்கள் இந்த அடிப்படையைத்தான் ஏற்றார்கள், எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லவேண்டும். வால்வுக்கு இது பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. குளூட்டரால்டிஹைடில் போட்டு உயிரணுக்களைச் சாகடித்து, திசுவைப் பதப்படுத்தி, பாட்டிலில் அடைத்து அனுப்புகிறார்கள். நர்ஸ் அதை எடுத்து உப்புநீர்க் கிண்ணத்தில் அலசி, அடுத்த கிண்ணத்துக்கு மாற்றி மறுபடி அலசி, சர்ஜன் கையில் கொடுக்கும்போது அது பன்றியின் வால்வாகத்தான் இருக்கிறது, மூன்று இதழும் அப்படியே. தோலைப் பதப்படுத்தினால் அது தோல் இல்லை என்று ஆகிவிடாது. தேவை என்றால் தேவை என்று சொல்லி வைத்துக்கொள்ளுங்கள், வார்த்தையை வளைக்க வேண்டாம்.

இன்சுலின் கதையும் இதில் சேரும். 1922இல் தொடங்கி சுமார் 60 வருஷம் இன்சுலின் என்றால் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்ததுதான். பன்றி இன்சுலினுக்கும் மனித இன்சுலினுக்கும் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வித்தியாசம். தொழுகிறவர்கள், நோன்பு வைக்கிறவர்கள் எல்லோரும் போட்டுக்கொண்டார்கள், வேறு வழியில்லை. மனித ஜீனை பாக்டீரியாவுக்குள் வைத்துத் தயாரித்த இன்சுலினுக்கு 1982இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. காரணத்துக்காக அனுமதிக்கப்பட்டது அந்தக் காரணம் போனதும் போய்விடும் என்று ஃபிக்ஹில், அதாவது இஸ்லாமியச் சட்டத்தில், ஒரு விதி உண்டு, அது இந்த இடத்தில் அச்சாகப் பொருந்துகிறது. உயிர்த்தொழில்நுட்பம் என்றாலே மார்க்கத்துக்குத் தலைவலி என்று நினைக்கிறவர்கள் இதை யோசிக்கவேண்டும், ஒரு சிக்கலைத் தீர்த்துக் கொடுத்ததே அதுதான்.

இனி ஜீன் மாற்றிய பன்றி. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் பால்டிமோரில் 57 வயதுக்காரர் ஒருவருக்கு அப்படிப்பட்ட இதயத்தை வைத்தார்கள். மொத்தம் 10 ஜீன் மாற்றங்கள். பன்றியின் உயிரணுக்கள் மேல் இருக்கும், நம் உடம்பு பார்த்ததுமே தாக்குகிற சர்க்கரைகளை உண்டாக்கும் 3 ஜீன்களை முடக்கினார்கள், இதயம் அளவுக்கு மீறி வளராமல் இருக்க இன்னொன்றை முடக்கினார்கள், 6 மனித ஜீன்களைச் சேர்த்தார்கள். அவர் இரண்டு மாதம் இருந்தார். அந்த இதயத்தில் பன்றி வைரஸ் ஒன்று இருந்தது பிறகு தெரியவந்தது. 6 மனித ஜீன் இருப்பதால் அது பன்றியே இல்லை என்று ஒரு பேச்சு ஓடுகிறது. ஆயிரக்கணக்கான ஜீன்களில் ஆறு. அது பன்றிதான்.

'பன்றி இதயம் வைத்தால் ஈமான், இறைநம்பிக்கை, என்னாகும்' என்றும் கேட்கிறார்கள், அதன் இடம் கல்பு, அதாவது இதயம், என்று குர்ஆன் சொல்கிறதே என்று. சிரிக்காதீர்கள், உண்மையான பயம் அது. ஆனால் யோசியுங்கள், வால்வு ஆபரேஷனில் இதயம் ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட நின்றுகிடக்கிறது, எழுந்தவர் அதே ஆளாகத்தான் எழுகிறார். கத்தோலிக்கத் திருச்சபை இந்தக் கோட்டை வேறு இடத்தில் போட்டது. 2001இல் வத்திக்கானின் உயிர் தொடர்பான கல்விக்கழகம் விலங்கு உறுப்புகளை ஏற்கலாம் என்றது, மூளையும் இனப்பெருக்கச் சுரப்பிகளும் தவிர, ஏனென்றால் ஒருவரை அவராக்குவது அங்கேதான் இருக்கிறது என்று. எனக்கு அது சரியான இடமாகவே படுகிறது.

என்னை உறுத்துவது வேறு. இப்படிப்பட்ட உறுப்பை வாங்கியவரை விலங்கின் கிருமி மனிதருக்குத் தாவுகிறதா என்று ஆயுள் முழுக்கக் கண்காணிக்க வேண்டும், இரத்தம் எடுத்துக்கொண்டே இருக்கவேண்டும், நெருங்கிப் பழகுகிறவர்களையும் கவனிக்க வேண்டும். சாதாரணமாக ஆராய்ச்சியில் சேர்ந்தவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், 'எனக்குப் போதும்' என்று. இவர் அப்படிச் சொன்னால் ஊருக்கே ஆபத்து வரலாமே. அப்படியானால் கையெழுத்துப் போட்டது சம்மதமா, திரும்பி வரமுடியாத வாக்குறுதியா? மரணப் படுக்கையில் இருப்பவரிடம் பேனாவை நீட்டினால் எதில்தான் கையெழுத்துப் போடமாட்டார்? அந்தப் பன்றிகளையும் பாருங்கள், கிருமி படாமல் இருக்க சிசேரியனில் எடுத்து, தாயிடம் விடாமல் வளர்க்கிற இடங்கள் உண்டு. அசுத்தம் என்று ஒதுக்குகிற மதங்கள்கூட அந்தப் பிராணியை வதைக்க அனுமதி கொடுக்கவில்லை.

உங்கள் தந்தைக்கு இதெல்லாம் வேண்டாம், அவருக்கு வேண்டியது ஒரு வால்வு. சர்ஜனிடம் நேராகக் கேளுங்கள், "மாட்டுத் திசு வால்வு இவருக்குச் சரிவருமா, வராது என்றால் ஏன்?" ஏன் என்பதற்கு மருத்துவக் காரணம் சொன்னால் உங்கள் நிர்ப்பந்தம் அங்கே நிரூபணமாகிவிட்டது, மனதில் உறுத்தல் இல்லாமல் வையுங்கள். ஸ்டாக் இல்லை என்பது காரணம் ஆகாது, நாள் இருந்தால் வரவழைக்கச் சொல்லுங்கள். ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று. உங்கள் கேள்வியை மூன்று தடவை படித்தேன், டாக்டர் சொன்னது இருக்கிறது, நீங்கள் நினைப்பது இருக்கிறது, தந்தை என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை இல்லை. 68 வயது, நல்ல நினைவோடு இருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். அவருக்கு எதிலிருந்து எடுத்த வால்வு என்று சொல்லியாயிற்றா? இல்லை என்றால் இன்றைக்கே உட்கார்ந்து சொல்லுங்கள், அவர் பதிலை எனக்கும் எழுதுங்கள். அடுத்த கேள்விக்குப் போகலாம்.